பஸ்ஸுக்குப் பின்னால் ஐம்பத்திரண்டு கிலோ

மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் என் மனைவி பஸ்ஸில் போனாள். அதே பஸ்ஸுக்குப் பின்னால் நான் மோட்டார் சைக்கிளில் போனேன். இருவரும் போவது ஒரே இடத்துக்குத்தான். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் அவளுடைய வயல் வட்டைக்கு. அவள் கடைசி ஆசனத்திலிருந்து பின் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பாள். நான் புழுதியைத் தின்றுகொண்டு அவளைப் பார்ப்பேன். பஸ் நிற்கும் இடத்தில் யன்னலால் கை நீட்டிப் தான் தின்னும் இனிப்புப் பணிஸில் பாதியைப் பிய்த்துத் தருவாள்.

நடத்துனருக்கு இது பிடித்துப்போயிற்று. "சேர், நீங்களும் ஏறுங்களன். சைக்கிள மேல ஏத்திக் கட்டுவம்" என்று வாரம் தவறாமல் கேட்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

காரணம் சொக். பின் சில்லுக்கு இரண்டு பக்கமும் நின்று குலுக்கலைத் தாங்கவேண்டிய ஸ்பிரிங் தண்டுகள். என்னுடையது நீட்டிச் சாய்ந்து ஓடுகிற பழைய க்ரூசர். பார்க்க ராசா மாதிரி இருக்கும். சொக் இரண்டும் எண்ணெய் கக்கிச் செத்து எவ்வளவு காலமோ தெரியாது. ஒரு சனிக்கிழமை மதகடிப் பள்ளத்தில் பின்பக்கம் 'டங்' என்று இறங்கியது. அவள் இறங்கி நின்று இடுப்பில் கை வைத்து நாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி இதில நான் ஏறமாட்டன். வேணுமெண்டா என்ட நாரியக் கழட்டித் தாறன், அத ஏத்திக்கொண்டு போங்க. நான் பஸ்ஸில வாறன்."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் விளங்காது. எங்கள் பக்கம் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வீடு அவளுடையது. கிணறு, தென்னை, வட்டை, நான் சாய்ந்து பேப்பர் பார்க்கும் கதிரை எல்லாம் அவளுடையவை. நான் கொண்டுபோனது ஒரு சூட்கேசும் இந்த மோட்டார் சைக்கிளும். சூட்கேசைக் கறையான் தின்றுவிட்டது. என்னுடைய இடத்துக்கு வா என்று அவளை நான் கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தப் பின் சீற் மட்டும்தான். அதுவும் வெறுமையாகப் போனது எனக்குச் சுட்டது. ராத்திரிச் சோறுகூட இறங்கவில்லை என்று எழுதலாம், ஆனால் இறங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏறாவூரில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பின்பக்கத்தை ஒருதரம் அமுக்கினார். அது இறங்கி, யோசித்து, மனமில்லாமல் எழும்பியது. பழையதைக் கழற்றிப் புதுச் சோடியைப் பூட்டினார். பிறகு ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்த வளையத்தைக் காட்டினார். அதில் படிப்படியாக வெட்டு இருந்தது. ஏறுகிறவர்களின் நிறையைப் பார்த்து இறுக்கவேண்டுமாம்.

"பின்னுக்கு இரிக்கிறவங்க எத்தின கிலோ, சேர்?"

கராஜில் ஏழெட்டு ஆம்பிளைகள் நின்றார்கள். பெண்சாதியின் நிறையை அங்கே எப்படிச் சொல்வது? சரியாகத் தெரியவும் தெரியாது. "ஐம்பத்திரண்டு" என்றேன். மரியாதையான எண்ணாக இருந்தது.

"உங்கட?"

"அறுபத்திரண்டு." இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

மெக்கானிக் என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். "கணக்குச் சரிதானே, சேர்?"

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். என்னிடமே கணக்குக் கேட்கிறார். "பூட்டுங்க தம்பி" என்றேன். ஆக இளகின முதல் படியில் பூட்டினார்.

அவளைத் திரும்பவும் ஏறச் சொல்ல எனக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். அதனால் முதலில் சோதித்துப் பார்க்க நினைத்தேன். சந்திக் கடைத் தராசில் ஐம்பத்திரண்டு கிலோ நெல்லை நிறுத்து, மூடையாக்கி, சனிக்கிழமை பின் சீற்றில் நிமிர்த்திக் கட்டினேன். வாய் அவிழாமலிருக்க அவளுடைய ஹெல்மெட்டை அதன் தலையில் கவிழ்த்தேன். வட்டையிலிருந்து எல்லாரும் நெல் கொண்டுவருவார்கள். விதைப்புக்கூட இல்லாத காலத்தில் வட்டைக்கு நெல் கொண்டுபோனவன் நான் ஒருவன்தான்.

பஸ்ஸின் பின் கண்ணாடியில் ஒவ்வொரு முகமாக வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. அவள் சிரிக்கவில்லை. மதகடியில் புதுச் சொக்கும் 'டங்' என்றது. மூடை என் முதுகில் சாய்ந்து, ஹெல்மெட் என் பிடரியில் இடித்தது. மெக்கானிக்கை, ரோட்டுப் போட்டவனை, மதகு கட்டியவனை எல்லாம் திட்டினேன்.

அடுத்த பஸ் தரிப்பில் அவள் இறங்கிவிட்டாள்.

"இஞ்சாருங்க, இது ஆரு?"

"நீதான்."

"எத்தின கிலோ?"

"ஐம்பத்திரண்டு."

எதிரே இருந்த அரிசி ஆலைக்குள் போனாள். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூடை நிறுக்கும் தராசில் ஏறி நின்றாள். ஆலைக்காரர் கூச்சத்தோடு வாசித்தார். அறுபத்தெட்டு. அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"இப்ப நீங்க ஏறுங்க."

"எனக்கு அறுபத்திரண்டு."

"அது கலியாணத்தில. ஏறுங்க."

ஏறினேன். ஆலைக்காரர் ஒருதரம் பார்த்தார். தராசைத் தட்டிவிட்டு இன்னொருதரம் பார்த்தார். எண்பத்திநாலு.

மூன்று மாதமாக அவளுடைய நாரியைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சொக்கை அமுக்கிக் கொன்றது பெரும்பாலும் முன் சீற்றில் இருந்தவன்தான். அந்த இருபத்திரண்டு கிலோ எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தேன். அவளுடைய வட்டைச் சோறு, அவளுடைய தேங்காயில் வைத்த பால் சொதி, அவள் பொரித்த வாவி இறால். என்னுடையது என்று நான் நெஞ்சை நிமிர்த்தி ஓடிய மோட்டார் சைக்கிளில் இருந்த ஆளே கால்வாசி அவள் வீட்டுச் சொத்து. வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

"மறுகா என்ன," என்றாள், "கராஜுக்குப் போவம்."

மூடையை ஆலையில் இறக்கினோம். அவள் ஹெல்மெட்டைத் தட்டி உமியை உதறிப் போட்டுக்கொண்டாள். ஏறாவூர் வரைக்கும் பள்ளங்களை நான் முன்கூட்டியே சொல்லச் சொல்ல, சீற்றிலிருந்து எழும்பி எழும்பி வந்தாள். மெக்கானிக்கிடம் இரண்டு பேரின் நிறையையும் அவளே சொன்னாள். அவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. வளையத்தை மூன்று படி ஏற்றினார்.

அடுத்த சனிக்கிழமை மதகடிப் பள்ளத்தில் இறங்கி ஏறினோம். சத்தமில்லை. பின்னாலிருந்தும் சத்தமில்லை. ஓரமாக நிறுத்தினேன். எங்களுக்குப் பின்னால் வந்த பஸ் கடந்து போனது. நடத்துனர் வெறுமையாகக் கிடந்த கடைசி ஆசனத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டு போனார். அவள் கைப்பையிலிருந்து பணிஸை எடுத்துப் பிய்த்தாள். பெரிய துண்டைத் தான் வைத்துக்கொண்டு, சின்னதை என்னிடம் நீட்டினாள்.