செம்பவாங்கில் வடம் பிடித்தவர்

சின்னாளபட்டி சுப்புராஜுக்குத் திண்டுக்கல்லில் பிடித்தது ஒன்றுமில்லை. கடலில்லாத ஊரில் ஆம்பிளைக்கு என்ன வேலை என்பார். சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் துறைமுகத்தில், பதினேழு வருஷம் வெள்ளைக்காரனின் போர்க்கப்பல்களை வடம் பிடித்துக் கரையில் கட்டியவர். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் காலி செய்துவிட்டுப் போனதும் ஊர் திரும்பினார். திண்டுக்கல்லில் ஒரு லாரி செட்டில், சரக்கு ஏற்றிய லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை கிடைத்தது. அவர் போட்ட முடிச்சு பம்பாய் போய்ச் சேரும்வரை நெகிழாது. அதை மெச்சிய டிரைவர்களைக்கூட அவர் மதித்ததில்லை.

"நான் கட்டுனது என்ன, இவனுக வெங்காய மூட்டை என்ன" என்று மனைவி பேச்சியம்மாளிடம் சொல்வார். அவள் பதில் சொல்வதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

எண்பத்து நாலு தை மாதம், மகள் சூர்யகலாவைப் பெண் கேட்டு சொந்தத்திலிருந்தே ஒருவன் வந்தான். சுப்புராஜின் சித்தப்பா மகளுக்குப் பிள்ளை, கமலக்கண்ணன். அவர்கள் குடும்பமே சிங்கப்பூரில் தங்கிவிட்டது.

"எங்க வேலை?" என்றார் சுப்புராஜ்.

"செம்பவாங்லதான் மாமா. இப்ப அது யாவாரத் துறைமுகமாயிருச்சு. கப்பல்ல வார சரக்க இறக்கையில எண்ணிக் குறிக்கணும்."

"என்ன சரக்கு?"

"ரப்பரு, மரம். இப்ப காரும் நெறைய வருது."

சுப்புராஜ் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். "பீரங்கிக் கப்பல் நின்ன எடத்துல ரப்பர் கட்டு எறக்குறாங்க. அத எண்ண ஒரு ஆளு. அந்த ஆளுக்கு எம் பொண்ணு வேற வேணுமாக்கும்."

அடுப்படி வாசலில் நின்ற சூர்யகலாதான் பேசினாள். காந்திகிராமத்தில் பட்டம் முடித்தவள்.

"நீங்க கட்டுன கப்பலெல்லாம் யாரு தலையில குண்டு போடப் போச்சுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களாப்பா? அதுக்கு ரப்பர் எண்ணுறது எம்புட்டோ மேலு. எனக்குச் சம்மதம்."

கல்யாணம் நடந்தது. சுப்புராஜ் அவனை மாப்பிள்ளை என்று ஒரு தரம்கூட அழைக்கவில்லை. மகளுக்கு எழுதும் கடிதத்திலும் 'ரப்பர்க்காரர் சௌக்கியமா' என்றுதான் கேட்பார்.

எண்பத்தேழில் பேரன் பிறந்தான். பேச்சியம்மாளோடு அவரும் சிங்கப்பூர் போனார். ஒரு காலையில் கமலக்கண்ணன் அனுமதி வாங்கித் துறைமுகத்துக்குள் கூட்டிப் போனான். மரக்கட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. புதுக் கார்கள் வெயிலில் வரிசை பிடித்து நின்றன. அப்போது ஒரு சரக்குக் கப்பல் கரையணைந்தது. அரைக்கால் சட்டைக்காரர்கள் நாலு பேர் அரட்டை அடித்துக்கொண்டே வடத்தை வாங்கி மாட்டினார்கள். அவர் காலத்தில் பன்னிரண்டு பேர், விறைத்து நின்று செய்த வேலை.

"மரியாதையே இல்ல. சந்தை மாதிரி இருக்கு" என்றார்.

மூன்று வருஷம் பொறுத்திருந்த கமலக்கண்ணன் நிதானமாகச் சொன்னான். "வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன பழைய ரிஜிஸ்டரு ஒண்ணு சரக்கு அடுக்குற கிட்டங்கியில கெடந்துச்சு மாமா. வடம் பிடிச்ச ஆளுகளுக்கான ஏட்டுல உங்க பேரத் தேடுனேன். ஒருத்தர் பேரும் எழுதல. பூராம் நம்பருதான். உங்க நம்பரு என்ன?"

இரண்டாயிரத்து நூற்று ஆறு. சுப்புராஜுக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் வரும். காலையும் மாலையும் துறைமுக வாசலில் நின்று கத்திச் சொன்ன எண். அதைத் தாண்டி எந்தத் துரையும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது, அந்த வெயிலில் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மறந்துபோச்சு" என்றார்.

திரும்பி வந்த மறுவாரமே லாரி செட்டுக்குப் போனார். டிரைவர் ஒச்சப்பன் ஆசையாகக் கேட்டான். "அண்ணே, அந்தப் பீரங்கிக் கப்பல் கதையச் சொல்லுங்களேன்."

"அந்த வெள்ளக்காரனுகளும் ஒரு ஆளுகன்னு பேச வந்துட்டியா" என்றார் சுப்புராஜ். "பேசாமக் கயித்தப் பிடி."