பூகோளப் படத்தில் இல்லாத ஏரி

வெற்றிலையும் புகையிலையும் ஊறிப் புளித்த எச்சிலின் வாடை மற்றவர்களுக்கு எதை நினைவூட்டுமோ தெரியாது. எனக்கு நினைவுக்கு வருவது சென்னை ராஜதானியின் தேசப்படம்தான். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாவது பாரத்தில் எங்களுக்குப் பூகோளம் நடத்தியவர், அவர் பெயரை எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை, நாங்கள் வரைந்த படத்தில் ஒரு கோடு பிசகியிருந்தால் ரப்பரைத் தேடமாட்டார். ஆள்காட்டி விரலை நாக்கில் தோய்த்து, நீலப் பென்சிலால் பார்த்துப் பார்த்து இழுத்த நதியின்மேல் வைத்துத் தேய்ப்பார். காகிதம் திரைந்து, காவிரி செங்காவி நிறமாகிவிடும். அந்த நோட்டைப் பைக்குள் வைத்தால் பக்கத்திலிருக்கும் கட்டுச்சோற்றுக்கும் வாடை ஏறிவிடும். பல நாள் மத்தியானச் சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது காலை ஆறு மணிக்கே "ஸ்பெஷல் கிளாஸ்" தொடங்கியது. அங்கே யாரும் எதையும் கற்கவில்லை. சார் என்றோ எழுதிவைத்த "நோட்ஸ்" ஒன்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்தத் தாள்களை அவர் வாசிக்க, நாற்பது பேரும் கூட்டாகத் திருப்பிக் கத்தவேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலை ஏன் வந்தது? ஈரக்காற்றால் வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரான வெண்ணந்தூரில் தறி ஏன் வந்தது என்று அந்த நோட்ஸில் ஒரு வரி கிடையாது. தேசப்படத்துக்கு அவர் அட்டையில் வெட்டிய அச்சு ஒன்று வைத்திருந்தார். அதன் ஓரமாகப் பென்சிலை ஓட்டி, ஒரே காவிரியை ஐம்பது தடவை வரைந்திருப்போம். யாருக்கும் வாய் திறக்கத் தைரியமில்லை. "செலக்‌ஷன்" அவர் கையில் இருந்தது. அவர் வேண்டாமென்று அடித்த பெயர் பரீட்சைக்குப் போகாது.

என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவன் செங்கோடன். அவன் குடும்பம் மேட்டூருக்கு மேலே காவிரிக்கரையில் பயிர்செய்து வந்தது. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது ஊரே கிளம்ப, இவர்கள் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் தாய்மாமன் காட்டோரம் குடிசை போட்டுக்கொண்டு, ஆற்றுப்பாசனத்தில் நெல் விளைத்த கைகளால் மானாவாரிச் சோளம் விதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோடை விடுமுறையில் செங்கோடன் என்னை அழைத்துப்போய் அந்த ஏரியைக் காட்டினான். தண்ணீர் வற்றியிருந்தது, நடுவில் பட்டுப்போன பனைமரங்கள் மொட்டையாக நின்றன. "அந்த மூணாவது பனைக்குக் கெழக்கால எங்க ஊடு" என்று கையை நீட்டிச் சொன்னான். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

செலக்‌ஷனுக்கு ஒரு வாரம் இருக்கும். காவிரியை வரையச் சொல்லிவிட்டு சார் பெஞ்சு பெஞ்சாக வந்தார். செங்கோடன் ஆற்றை அச்சில் வைத்துத்தான் இழுத்திருந்தான். ஆனால் மேட்டூர் இருக்கும் இடத்தில், காற்றில் சுருண்ட வாழையிலை போல் நீளவாக்கில் ஒரு ஏரியை வரைந்து நீலம் தீட்டியிருந்தான்.

"என்னடா இது, காவிரிக்கு வயித்துல கட்டி வந்திருக்கு?" என்றார் சார். வகுப்பு சிரித்தது.

"மேட்டூர் ஏரிங்க சார்."

"நோட்ஸ்ல இருக்கா?"

"நோட்ஸ்ல இல்லீங்க சார். ஆனா அங்க இருக்குதுங்க."

சார் பக்கத்திலிருந்த என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. காவிரியில அப்படி ஒரு ஏரி உண்டா?"

நான் எழுந்து நின்றேன். "இல்லைங்க சார்" என்றேன்.

செங்கோடன் என் பக்கம் திரும்பவேயில்லை. சார் விரலை நாக்கில் தோய்த்துக்கொண்டு குனிந்தார். அவன் இரண்டு உள்ளங்கைகளாலும் படத்தை மூடிக்கொண்டான். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, நீயே எச்சிலைத் தொட்டு அழி. அழிச்சாத்தான் உம் பேரு போகும்" என்றார். செங்கோடன் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள், ஊருக்குப் போய்விட்டிருந்த அவனைக் கூட்டிக்கொண்டு அவன் தகப்பனார் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வகுப்பு வாசலிலேயே நின்று பேசினார்.

"ஏனுங்க சார், தண்ணி வந்துதானுங்க நாங்க கெளம்பி வந்தோம். அந்த ஏரி இல்லீன்னா நாங்க எங்கிருந்து வந்தோமுங்க?"

"பேப்பர் திருத்துறவர் உங்க வீட்டைத் தேடியா வரப்போறார்?" என்று சார் நோட்ஸைப் புரட்டினார்.

அந்த மனிதர் மகன் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அழிச்சுப்போடு சாமி. பென்சில் கோடுதான?"

"மாட்டேனுங்கப்பா. நீங்க வேணும்னா அழிங்க" என்று செங்கோடன் நோட்டை விரித்து நீட்டினான். அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். நோட்டை வாங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

செலக்‌ஷன் பட்டியலில் செங்கோடன் பெயர் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் புதுச்சத்திரத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவன் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. "அன்னிக்குச் சாயங்காலமே சார் வீட்டுக்குப் போயிட்டேன். ஏரி இருக்குதுங்க சார், நானே பார்த்தேன்னு சண்டை போட்டேன். அவரு கேக்கல" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "எனக்காகப் போனியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்று அவன் வீட்டில் கம்பஞ்சோறு சாப்பிட்டேன்.

பரீட்சையில், காவிரியை வரைந்து அதன் அணையையும் நீர்த்தேக்கத்தையும் குறிக்கச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. ஹாலில் பலர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் செங்கோடனின் ஏரியை, அவன் வரைந்த அதே சுருளோடு, ஒரு நிமிஷத்தில் வரைந்து நீலம் தீட்டினேன். ரிசல்ட் வந்த அன்று சார் என் தோளில் அந்த விரல்களை வைத்து, "பாத்தியா, நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகலை" என்றார். "ஆமாங்க சார்" என்று கும்பிட்டேன்.

அந்தப் பரீட்சை எனக்குச் சேலத்தில் ஒரு குமாஸ்தா வேலையையும் முதுமையில் ஒரு பென்ஷனையும் கொடுத்தது. பூகோளம் என்ற சொல்லே போய்ப் புவியியல் வந்துவிட்டது. சென்னை ராஜதானி போயிற்று. சார் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஜவுளிக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றில் எதற்காகவும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

போன மாதம் செங்கோடனும் போய்விட்டான். கருமாதிக்குப் புதுச்சத்திரம் போயிருந்தேன். சாகும்வரை அவன் காட்டை விட்டு எங்கும் போகவில்லை. அவன் மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா சொல்லாத நாளில்லீங்க. ஏரிக்காக வாத்தியாருகூடச் சண்டைக்குப் போனவரு நீங்கதானுங்களா?"

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் தன் பின்னால் நின்ற சிறு பெண்ணை முன்னால் இழுத்து, "தாத்தாவோட கூட்டாளி, கும்புட்டுக்க சாமி" என்றாள். குழந்தை குனிந்தது. நான் அதன் தலையில் கையை வைத்தேன்.