விழுந்தவர்கள்: ஒருவர்

நண்பகல் பன்னிரண்டு மணியானால் அந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை. டொராண்டோவில் அப்போது பின்னிரவு, நியூ ஜெர்சியிலும் அப்படித்தான். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கூடத்தில் ஒருவர் பலமாக இருமினால் பக்கத்து நாற்காலிக்காரர் மெல்லக் கையமர்த்துவார். சன்னலுக்கு வெளியே வயல் பச்சையாக அசைந்துகொண்டிருக்கும். வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் விண்ணரசிக்கு இது வேடிக்கையாக இருந்தது. இரண்டு மாதத்தில் அவளும் அந்த நேரத்தில் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகிவிட்டாள்.

நன்னிலத்திலிருந்து குடவாசல் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருந்தது அந்த இல்லம். ஊரை விட்டு வெளிநாடு போன நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து அறக்கட்டளை வைத்துக் கட்டியது. முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அநேகமாக எல்லோருடைய பிள்ளைகளும் கடல் கடந்து இருந்தார்கள்.

விண்ணரசியும் கடல் கடந்து போய் வந்தவள்தான். பத்து வருடம் குவைத்தில் ஒரு வயதான அம்மாளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, கடைசியில் அவர் கண்களை மூடிவிட்டு ஊர் திரும்பினாள். திரும்பி வந்த பிறகும் கொஞ்ச நாள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது விழித்தவுடன் புரியாது. புழுங்கல் நெல் வேகும் வாசனை வந்தால்தான் இது நன்னிலம் என்று உறைக்கும். கணவர் ஆண்டனி குடவாசலில் மோட்டார் மெக்கானிக். மகள் ஷீபா திருச்சியில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல்தான் விண்ணரசி இந்த வேலைக்கு வந்தாள். கூன் விழுந்த முதுகுகளும் நடுங்கும் கைகளும் அவளுக்குப் பழகியவை.

அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளை எழுதுவது அவள்தான். அதனால்தான் வாசல் பலகை எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது.

2013 ஆடி மாதம் மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. முதியோர் இல்லங்கள் மாதாமாதம் வாசலில் சில விவரங்களை எழுதிவைக்க வேண்டும்: எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், நர்ஸ் எத்தனை பேர், மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், அந்த மாதம் விழுந்தவர்கள் எத்தனை, ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எத்தனை, என்ன புகார் வந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் அதைக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை போதும், யாருடைய பெயரும் வரக்கூடாது.

மேனேஜர் தியாகராசன் அதை இரண்டு தடவை படித்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். கெட்ட மனுஷர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே ஆட்டோ பிடிக்கப் போவார். ஆனால் வெளிநாட்டுப் போன் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் பேசுவார்.

"நர்ஸ் மூணு பேருன்னு போட்டுடும்மா," என்றார்.

"ஒருத்தங்கதானே சார் இருக்காங்க?"

"ரெண்டு பேர் வரப்போறாங்க. வந்ததும் மாத்தி எழுதவா போறோம்? இப்பவே போட்டுடு."

விண்ணரசி கரும்பலகையில் மூன்று என்று எழுதினாள். தியாகராசன் அதைப் படமெடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினார். அழகான எழுத்து என்று டொராண்டோவிலிருந்து ஒரு பாராட்டு வந்தது. அடுத்தடுத்த மாதங்களிலும் அப்படியே எழுதினாள். வராத இரண்டு நர்ஸுகளும் பலகையில் நிம்மதியாக இருந்தார்கள்.

அந்தப் பலகையைத் தினமும் காலையில் ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். அவர் ஆனந்தம் டீச்சர், கும்பகோணத்தில் பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் இந்தி கற்பித்தவர். எழுபத்தெட்டு வயது. சில நாட்களில் எல்லாம் துல்லியமாக நினைவிருக்கும். சில நாட்களில் வருடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மகள் ப்ரியம்வதா டொராண்டோவில் இருப்பது காலையில் தெரியும், சாயங்காலம் தெரியாது. ஆனால் எழுத்து மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மருந்துச் சீட்டு, பிஸ்கட் உறை, சுண்டல் மடித்து வந்த காகிதம், எது கையில் கிடைத்தாலும் படிப்பார். படித்ததை நம்புவார். தன் நினைவு வழுக்கும்போதெல்லாம் அவர் பிடித்துக்கொள்ள எழுதிய வரிகள்தான் இருந்தன.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. வயலும் வாய்க்காலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, எது எங்கே முடிகிறதென்று தெரியாமல் போன நாட்கள். அப்படி ஒரு மதியம், இரண்டு மணிக்கு, டீச்சர் மழையைப் பார்க்க வராந்தாவுக்குப் போனார். சாரல் அடித்துத் தரை வழுக்கலாக இருந்தது. இருந்த ஒரே நர்ஸ் மேலே ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். விண்ணரசி ஓடிவந்தபோது டீச்சர் ஈரத்தில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

கும்பகோணத்தில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கட்டு இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ப்ரியம்வதாவிடம் தியாகராசன் போனில், "சின்ன சுளுக்குதாம்மா. ஒண்ணும் பயமில்ல," என்றார்.

நவம்பர் முதல் தேதி பலகை எழுதும் நாள். "விழுந்தவர்கள்?" என்று கேட்டாள் விண்ணரசி.

"இல்லைன்னு போடும்மா."

அவள் எழுதினாள்.

மறுநாள் காலை டீச்சர் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். வழக்கம்போல மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். "விழுந்தவர்கள், இல்லை." அங்கே நின்றார். கையைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"ஏண்டி விண்ணரசி, நான் விழலையா?"

விண்ணரசி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"இல்லைன்னு போட்டிருக்கே. இது யாரு எழுதினது?"

"நாந்தான் டீச்சர்."

"அப்போ சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக உள்ளே போனார்.

அன்று பத்து மணிக்கு டீச்சர் குழாயடியில் நின்று கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். மாவு கரைந்து வழிந்தது. "விழாத கைக்கு என்னத்துக்குடி கட்டு? யாரோ தெரியாம போட்டுட்டா," என்றார் சாந்தமாக. மறுபடி கும்பகோணம் போய்ப் புதுக் கட்டுப் போட்டு வந்தார்கள். மறுநாள் காலை மறுபடி பலகையைப் படித்தார். மறுபடி குழாயடிக்கு நடந்தார். விண்ணரசி வழிமறித்து, நீங்கள் விழுந்தீர்கள் என்று பத்துத் தடவை சொன்னாள். டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டி, "நீயே எழுதிட்டு நீயே மாத்திச் சொல்றியே," என்று சிரித்தார்.

விண்ணரசிக்குத் தன் அம்மாவின் நினைவு வந்தது. குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுவாள். அம்மாவிடம் கொடுங்கள் என்றால், அம்மா கோயிலுக்குப் போயிருக்கு என்பார் அண்ணன் சகாயராஜ். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கடைக்குப் போயிருக்கும். அடுத்த வாரம் குளிக்கப் போயிருக்கும். குவைத்தின் மொட்டை வெயிலில் நின்றுகொண்டு, ஆற்றங்கரையில் ஈரப்புடவையோடு நடந்து வரும் அம்மாவை அவள் மனதில் பார்த்துக்கொள்வாள். அப்படிச் சொல்லிவந்த பதினாலு மாதமும் அம்மா எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் கிடந்ததும், கடைசி மாதங்களில் பேச்சும் நின்றுபோனதும், எல்லாம் முடிந்து அடக்கம் செய்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. நீ அங்கே மனசு உடைந்துவிடுவாயே என்றுதான் சொல்லவில்லை என்றார் அண்ணன். அவரை அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஈரப்புடவை அம்மா இன்னும் அவள் கனவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். எத்தனை நடந்தாலும் வீடு வந்து சேர்வதில்லை.

விண்ணரசி ஈரத்துணியை எடுத்து 'இல்லை' என்பதைத் துடைத்தாள். 'ஒருவர்' என்று எழுதினாள். கை நிற்கவில்லை. 'நர்ஸ்: மூவர்' என்பதையும் துடைத்து அங்கேயும் ஒருவர் என்று எழுதினாள்.

தியாகராசன் வந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "என்னம்மா பண்ணி வச்சிருக்கே? இதை எல்லாருக்கும் அனுப்பணும்."

"அனுப்புங்க சார்."

"அறக்கட்டளைக்காரங்க என்னைத்தான் கேப்பாங்க. உன்னையா கேப்பாங்க?"

"நான்தான் எழுதினேன்னு சொல்லுங்க. என்னை வேணா நிறுத்திக்கங்க சார். டீச்சர் கட்டைக் கரைச்சிட்டே இருந்தா கை கோணிப்போயிடும்."

அவர் டஸ்டரைக் கையில் எடுத்தார். அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். மேலிருந்து படித்தார். "விழுந்தவர்கள், ஒருவர்." திரும்பி தியாகராசனைப் பார்த்தார்.

"நீங்கதானே இங்க மேனேஜர்? யாரு சார் விழுந்தது?"

தியாகராசன் டஸ்டரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வெளியே மழை ஓய்ந்து, மடைவாயில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அவர் டஸ்டரைப் பலகையின் விளிம்பில் வைத்தார். பிறகு, "நீங்கதான் டீச்சர். வராந்தாவுல. எங்க கவனக்குறைவு," என்றார்.

"பேர் போடலையே?"

"பேர் போடக்கூடாதுன்னு விதி இருக்கு டீச்சர்," என்றாள் விண்ணரசி.

"என் பேரை நானே போடச் சொன்னா?"

அதற்கு விதியில் இடம் இருக்கிறதா என்று இருவருக்கும் தெரியவில்லை. தியாகராசன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். விண்ணரசி டீச்சரின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, புதுக்கட்டின் மேல் எழுதினாள்: 'ஆனந்தம். அக்டோபர் 22 மதியம் இரண்டு மணிக்கு வராந்தாவில் விழுந்தேன். எலும்பில் விரிசல். கட்டைப் பிரிக்கக்கூடாது.' டீச்சர் அதைப் படித்தார். ஒரு நாளில் எத்தனையோ தடவை படித்தார். அதற்குப் பிறகு குழாயடிப் பக்கம் போகவில்லை.

படம் அன்றே எல்லோருக்கும் போயிற்று. இரண்டு வாரம் போன் ஓயவில்லை. ஒரு குடும்பம் தகப்பனாரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனது. அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்து கதவைச் சாத்திக்கொண்டு தியாகராசனோடு பேசினார்கள். வெளியே வந்தபோது அவர் பத்து வயது கூடினவர்போல் இருந்தார். ஆனால் டிசம்பர் பிறப்பதற்குள் இரண்டு நர்ஸுகள் உண்மையாகவே வந்து சேர்ந்தார்கள். வராந்தாவுக்குக் கைப்பிடியும் தடுப்பும் வந்தன.

ப்ரியம்வதா படம் வந்த அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். மேனேஜரிடம் பேச விரும்பவில்லை, பலகை எழுதியவரிடம் கொடுங்கள் என்றாள்.

"சுளுக்குன்னுதானே மேனேஜர் சொன்னார்."

"சுளுக்கில்லம்மா. விரிசல். நான்தான் முதல்ல தப்பா எழுதினேன். மன்னிச்சுக்கங்க."

அங்கே காலை. யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம் தூரத்தில் கேட்டது.

"வேற என்ன எங்கிட்ட சொல்லலை?"

விண்ணரசி யோசித்தாள். எந்தப் பலகையிலும் எழுதச் சொல்லாத விவரம் அது. ஆனால் கேட்பது மகள்.

"சில நாள் சாயங்காலம் உங்களை ஸ்கூல் விட்டு வரப்போற பொண்ணுன்னு நெனச்சுக்கிறாங்க. தலை வாரிவிட சீப்பு கேக்குறாங்க. நான் பக்கத்துல உக்காந்துக்குவேன். கொஞ்ச நேரத்துல தூங்கிடுவாங்க."

ப்ரியம்வதா அழுதாள். விண்ணரசி போனை வைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அழுது முடிந்ததும், "தினமும் எனக்கு நீங்க சொல்லணும். நல்லதோ கெட்டதோ," என்றாள் ப்ரியம்வதா. அதன்பிறகு தினமும் விண்ணரசி சொன்னாள். சாப்பிட்டது, சாப்பிடாதது, கோபித்தது, பாடியது எல்லாம். குவைத்தில் இருந்தபோது தனக்கு யாரும் சொல்லாததையெல்லாம் இன்னொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

தை மாதம் ப்ரியம்வதா ஆறு வார விடுமுறையில் வந்தாள். ஐம்பது வயது, காதோரம் நரை. முதல் நாள் டீச்சர் அவளை வாங்கோ, உட்காருங்கோ என்று மரியாதையாக உபசரித்தார். ப்ரியம்வதா உட்கார்ந்தாள். எல்லாம் முன்பே தெரிந்திருந்ததால் அவள் அதிர்ந்துபோகவில்லை. நான்காம் நாள் காலையில் டீச்சர் அவளைப் பார்த்து, "ப்ரியா, எப்போடி வந்தே?" என்றார். மத்தியானம் வரை அது நிலைத்தது.

ஒரு பிற்பகல் மூவரும் வராந்தாவில் இருந்தார்கள். எதிர் வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மெல்லிய வைக்கோல் தூசி வெயிலில் பொன்னாக மிதந்து வந்து எல்லோர் மடியிலும் படிந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "ரயில் வரது," என்றார்.

ப்ரியம்வதா என்ன சொல்வதென்று தெரியாமல் விண்ணரசியைப் பார்த்தாள்.

"அது அறுப்பு மெஷின் டீச்சர்," என்றாள் விண்ணரசி.

"அப்படியா? ரயில் மாதிரியே இருக்கு."

"ஆமா. கேக்குறதுக்கு அப்படித்தான் இருக்கு."

ப்ரியம்வதாவும் கண்ணை மூடிக்கொண்டாள். வயலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு அந்தச் சத்தம் மெல்ல வந்துகொண்டிருந்தது.