கட்டிலுக்கு மேலே கடைக் கலண்டர்

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. நானும் அவளும் ஒன்பது வருடமாக அதில் இருக்கிறோம். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கன்டீனில் சமைக்கிறேன். அவள் தையல் கடையில் வேலை. இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். வேறு வேறு தோட்டம். எங்களுக்குள் சொந்தம் எதுவும் கிடையாது.

நாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு பெண்கள் ஓர் அறையில் இருந்தால் வாடகைக்காகச் சேர்ந்து இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியே விட்டுவிட்டோம். கதவைச் சாத்தினால் நாங்கள் நாங்களாக இருக்கலாம். வேறு எங்கும் அது முடியாது. அதனால் அந்த அறை போய்விடக் கூடாது. எனக்கு அந்த ஒரு பயம்தான்.

கன்டீனுக்குச் சாப்பிட வரும் பிள்ளைகள் நாலு பேர் படம் எடுப்பதாகச் சொன்னார்கள். கையில் காசில்லை. இரண்டு நாளைக்கு ஓர் அறை வேண்டும் என்றார்கள். என்ன கதை என்று கேட்டேன்.

"ரெண்டு பொம்பளைங்க ஒரே ரூம்ல இருக்காங்க. அவங்க கதைதான்."

நான் மேலே கேட்கவில்லை. சரி என்றேன்.

மாடியும் கடை முதலாளியுடையதுதான். ஹாஜியார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நல்ல மனிதர். அவரிடம் அனுமதி கேட்டேன்.

"வாடகை ஒண்டும் வாணாம் புள்ள. எங்கட கடைக் கலண்டர் படத்துல வந்தா போதும்."

வருடம் பிறந்தால் சாமான் வாங்குகிறவர்களுக்கெல்லாம் கலண்டர் கொடுப்பார். பெரிய சிவப்பு எழுத்தில் கடைப் பெயர் இருக்கும். எங்கள் அறையில் அது ஜன்னல் பக்கம் தொங்கியது. அவரே மாடிக்கு வந்தார். அதைக் கழற்றி, கட்டிலுக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார். படம் எடுக்கிற பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சும்மா கிடைத்த அறை. எப்படி வேண்டாம் என்பது?

அவள் லீவு போட்டுப் படம் எடுப்பதைப் படியில் உட்கார்ந்து பார்த்தாள். நான் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள்.

"படத்துல வர்ற ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் விரும்புறவங்க."

"ரூமக் குடுத்தாச்சு. இனி என்ன செய்ய?" என்றேன்.

இரண்டு நாளில் படம் எடுத்து முடித்தார்கள்.

கண்டியில் ஒரு சின்ன மண்டபத்தில் படம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஹாஜியார் கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். கடைப் பெயர் படத்தில் வருகிறது என்று. அங்கிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். அவர் அத்தர் பூசி, வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால்.

படத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. பாதி இடம் இருட்டு.

"கரன்ட் பில் கட்டல போல" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

பிறகு அந்த இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிரிப்பு நின்றது. ஒருத்தி மற்றவள் நெற்றியில் முத்தம் வைத்தாள். "சீ" என்று ஒரு சத்தம். கதிரைகள் இழுபட்டன. ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து புருஷனைப் பார்த்து, "இதுக்கா கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்றாள். எனக்கு முன்னால் இருந்த ஆள், "வெள்ளைக்காரன் காசு குடுத்திருப்பான்" என்றான். அந்தப் பிள்ளைகள் ஒரு சோற்றுப் பார்சலை நாலு பேராகப் பிரித்துத் தின்றது எனக்குத் தெரியும்.

அப்புறம் எங்கள் கட்டில் வந்தது. இரண்டு பேரும் படுத்துக்கொண்டு பேசினார்கள். அவ்வளவுதான். அவர்கள் தலைக்கு மேலே கலண்டர். முழுப் படத்திலும் தெளிவாகத் தெரிந்தது அந்தச் சிவப்பு எழுத்துதான்.

பின்னாலிருந்து எங்கள் கடைத்தெருத் தேத்தண்ணிக் கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"ஹாஜியார், ஆணியும் பெயின்ட்டும் மட்டுந்தான் விக்கிறீங்கன்னு நெனச்சேன்."

மண்டபமே சிரித்தது. ஹாஜியார் திரும்பவில்லை. எழும்பிப் போகவும் இல்லை. கடைசிவரை அப்படியே இருந்தார்.

படம் முடிந்ததும் பிள்ளைகள் மைக்கைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எழும்பினார்.

"நம்ம சனம் தோட்டத்து லயத்துல ஒழுகுற கூரைக்குக் கீழ கெடக்குது. அத எடுக்கத் தெரியல. இத எடுக்குறீங்க."

நிறையப் பேர் கை தட்டினார்கள். ஒரு சின்னப் பெண் எழுந்து, தனக்குப் படம் பிடித்தது என்றாள். "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று ஒரு குரல் கேட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் அவள், ஜன்னல் ஓரம். படம் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருந்திச்சு. படுத்துக்கிட்டுப் பேசினாங்களே, அது சரியா இருந்திச்சு."

அடுத்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் சாமான் கேட்கவில்லை. கலண்டர் ஒன்று கிடைக்குமா என்று கேட்டுச் சிரித்தார்கள். அது மாடியில் இருக்கிற இரண்டு பெண்களின் கட்டில்தானே என்றும் கேட்டார்கள். மாடியில் இருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது. மூன்றாம் நாள் ஹாஜியார் எங்கள் இருவரையும் கடைக்குக் கூப்பிட்டார். அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரரும் இருந்தார்.

"புள்ள, நான் ஒங்கள்ட்ட ஒண்டும் கேக்க மாட்டன். நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி தானே. இவங்களுக்கு ஒருக்கா சொல்லுங்க. அத்தோட முடிஞ்சிரும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த பூட்டைப் பார்த்தார். அவர் எங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று விளங்கியது. சொல்லாவிட்டால் மாத முடிவில் அறையை விட வேண்டும் என்பதும் விளங்கியது. அவள் என் பக்கத்தில் நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமாங்க ஹாஜியார். சித்தப்பா மக. எனக்குத் தங்கச்சி."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். "மூக்கப் பாருங்க, ஒரே மாதிரி."

எல்லோரும் எங்கள் மூக்கைப் பார்த்தார்கள். ஹாஜியார் எங்களுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி எடுப்பித்தார். குடித்துவிட்டு மேலே வந்தோம்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினேன். அவள் குடையை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, மழை வரும்."

கன்டீனில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"என்ன வெளையாட்டு இது?"

"நீதானே சொன்ன."

"அது கடையில சொன்னது."

"கடை கீழதானே இருக்கு. மேல பேசுறது கேக்கும்."

இப்போது ஐந்து மாதம். அறை எங்களிடம்தான் இருக்கிறது. கலண்டர் கேட்டு யாரும் வருவதில்லை. கதவு சாத்தியிருந்தாலும் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். கோபமா என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்லையே அக்கா" என்றாள்.