செல் இல்லாத வெல்லில் வந்த மஞ்சள்

வாசகரே, தீர்ப்பு வேண்டாம். சாட்சியாக மட்டும் இருங்கள். கல்லூரிப் பட்டிமன்ற மேடைகளில் ஒருமுறைகூடத் தோற்காதவன் நான். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, வென்ற மறுநாள் தோற்றேன்.

வில்லியனூர்ப் பக்கத்தில் எங்கள் ஆய்வகம். சொந்த உடலையே தாக்கும் எதிர்ப்புச் செல்கள் கொண்ட எலிகளை அங்கே வளர்க்கிறோம். சமிக்ஞை கிடைத்ததும் அச்செல்கள் வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தை எவ்வளவு சுரக்கின்றன என்று அளப்பது என் வேலை. நோயுற்ற எலிகளின் செல்கள், நலமான எலிகளின் செல்களைவிட இருமடங்கு சுரந்தன. அந்த ரீடிங்கை நம்பித்தான் ஆய்வு மாணவி கவிதா தன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்திருந்தார். திங்கட்கிழமை அதைச் சமர்ப்பிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆய்வகக் கூட்டத்தில் அந்த இருமடங்கை முழங்கினேன். டெக்னீஷியன் அருள் பின்வரிசையிலிருந்து என் பட்டப்பெயரைச் சொல்லிக் கேட்டான்: “பட்டிமன்றம், செல்லே போடாத வெல்லுல இன்னா ரீடிங் வந்துச்சுபா?”

பிளேட் என்பது நாங்கள் அளக்கும் குழித்தட்டு, வெல் அதில் ஒரு குழி. செல் போடாத வெல் ஒன்றை நான் பிளேட்டில் வைக்கவேயில்லை. ஒப்புக்கொள்ளவில்லை. “ஆளில்லாத வீட்டில் அடுப்பெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறார் நண்பர்!” என்றேன். அறையே சிரித்தது, ஆய்வகத் தலைவரான எங்கள் மேடமும் சிரித்தார்.

“இவன்கிட்ட வாய் குடுக்க முடியாதுடா சாமி” என்று அருள் உட்கார்ந்துவிட்டான்.

மாலையில் மண்ணாடிப்பட்டு போகும் டவுன் பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. செல் வளர்க்கும் திரவத்தில் கன்றுக்குட்டி சீரம் கலக்கிறோம். அந்தச் சீரத்திலேயே வளர்ச்சிக் காரணி உண்டு. நலமான எலிகளின் செல்களோடு பழைய சீரப் பாட்டில் தீர்ந்ததும், நோயுற்றவற்றுக்குப் புதிய பாட்டிலைத் திறந்ததும் அப்போதுதான் உறைத்தன. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பினேன்.

இரண்டு பாட்டில் சீரங்களையும் தனித்தனியே கலந்து மீந்திருந்த திரவங்களை, செல் எதுவும் இல்லாமல், பிளேட்டில் வைத்தேன். புரதம் கூடக்கூட வெல்லில் மஞ்சள் அடரும். சனிக்கிழமை பார்த்தால் பழையது வெளிர்மஞ்சள், புதியது அடர்மஞ்சள். அதே இருமடங்கு. எலிகள் இதில் எதுவும் செய்யவில்லை.

கவிதாவை ஃபோனில் அழைத்தேன். நான் சொல்லி முடித்ததும் கேட்டார்: “நேத்து எல்லாரையும் சிரிக்க வச்சியே, அப்பவே தெரியுமா உனக்கு?”

“வெல் வைக்கலைன்னு தெரியும்க்கா.”

“அப்ப நீயே நின்னு சொல்லு. என் வாயால நான் சொல்ல மாட்டேன்.”

திங்கட்கிழமை அத்தியாயம் போகவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து, முன்னுரை இல்லாமல் நடந்ததைச் சொன்னேன்.

“இன்னாபா, இன்னிக்கி கைதட்டே காணோம்?” என்றான் அருள். கவிதா முறைத்ததும் அடங்கினான். கேள்வியை மடக்குவதும் கேள்விக்கு விடை தருவதும் வேறு வேறு வேலைகள் என்று அப்போதுதான் கற்றேன்.

பிறகு, கவிதாவைப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: “ஒரே பாட்டில் சீரத்துல எல்லாத்தையும் நானே திரும்பச் செய்யறேன்க்கா. ரெண்டு வகை எலியும் சமம்னு வந்தா, இதே எடத்துல நின்னு அதையும் நானே சொல்றேன்.”