ஏறிட்டியா?

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஏ.சி. பழுது பார்க்கிறவன் நான். ஆளில்லாத கட்டடங்களில் தன்னந்தனியாக வேலை பார்த்திருக்கிறேன். பேய் என்று யாராவது வாயெடுத்தால், "மோட்டாரைப் பாருங்க, பேரிங் போயிருக்கும்" என்று சிரித்தவன். இது நடந்தது பட்டப்பகலில். நடந்தபோது அந்தப் படகில் நான் இருந்தேன்.

நாங்கள் நாலு பேர், ஒரே கம்பெனி. வருஷம் முழுக்க அடுத்தவர் அறையைக் குளிர வைத்துவிட்டு, லீவு போட்டுக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போயிருந்தோம். குண்டு பெயருக்குத்தான் குண்டு, ஆள் ஒட்டடைக்குச்சி. டிரைவர் எங்கள் கம்பெனி வேனை ஓட்டுகிறவன். அப்புறம் சித்தப்பா. அவனுக்கும் என் வயசுதான். எதற்கெடுத்தாலும் கவலைப்பட்டுப் புலம்புவான் என்பதால் அந்தப் பட்டம். அவனுக்கு நீச்சல் தெரியாது. கிளம்பும்போது அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, தண்ணியக் கண்டாலே அவருக்குக் கை காலு உதறும். உங்கள நம்பித்தான் அனுப்புறேன். பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க."

"நான் இருக்கேம்மா, நீ கவலைய விடு" என்றேன்.

மூன்றாம் நாள் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போனோம். சேற்றுத் தண்ணீரில் வேரூன்றி நிற்கும் மரங்கள், நடுவே ஒற்றைப் படகு போகிற அளவுக்குக் கால்வாய். இருவர் உட்காரும் பிளாஸ்டிக் படகுகள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஆளுக்கொரு துடுப்பு.

"கனமான ஆளு பின்னாடி உக்காருங்க. படகைத் திருப்புறது அவரு வேலை" என்றார் படகுக்காரர். "முன்னாடி இருக்கறவரு நேரா பாத்து துடுப்பு போட்டா போதும். திரும்பித் திரும்பிப் பாத்தா படகு கவுந்துடும்."

குண்டும் டிரைவரும் முதல் படகில் போய்விட்டார்கள். அடுத்தது நானும் சித்தப்பாவும். பின்சீட்டில் அவன். எங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு புதுமணத் தம்பதியின் படகு. பன்னிரண்டு பத்துக்குக் காட்டுக்குள் நுழைந்தோம்.

"டேய், இதுல முதலை இருக்குமாடா?"

"இருந்தாலும் உன் புலம்பலக் கேட்டு ஓடிப்போயிருக்கும்."

அவன் துடுப்புப் போட்ட லட்சணத்தில் என் முதுகெல்லாம் தண்ணீர். திட்டிக்கொண்டே போனேன். முதல் வளைவு தாண்டியதும் படகு வேரில் மாட்டிக்கொண்டது. குண்டு படகு வளைவுகளில் மறைந்துவிட்டது. நாங்கள் உந்திப் பார்த்தோம், அசையவில்லை. அவன் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தான்.

"இடுப்பளவுதான்டா. என் கனம்தான் அழுத்துது. நான் இறங்கித் தள்றேன், நீ ஆடாம உக்காரு."

எனக்கே ஆச்சரியம். சொன்னபடி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தேன். தொபுக்கென்று இறங்கினான். மூச்சுப் பிடித்துத் தள்ளினான். படகு சர்ரென்று வழுக்கி முன்னே போனது. அடுத்த நொடி பின்பக்கம் அமிழ்ந்து, இரண்டு தரம் ஆடி நின்றது.

"ஏறிட்டியா?"

"ம்."

கிளம்பினோம்.

இப்போது படகு அம்பு மாதிரி போனது. வளைவுகளில் ஒரு வேரில்கூட உரசவில்லை. என் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"அடேங்கப்பா, எப்படா கத்துக்கிட்ட?"

"ம்."

அவன் வாய் ஓயாதவன். இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இறங்கினதில் பயந்திருப்பான் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன்... பூச்சிகளின் இரைச்சல் நின்றிருந்தது. காதைச் சுற்றிய கொசுக்களைக் காணோம். துடுப்புச் சத்தம் மட்டும். சளக்... சளக்...

என் பிடரி குளிர்ந்தது. உச்சி வெயில், காற்றே இல்லை. குளிர் எத்தனை டிகிரி என்று தோலாலேயே சொல்கிறவன் நான். இது மழைக் குளிர் இல்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து கழுத்துக்குப் பின்னால் பிடித்த குளிர்.

"சித்தப்பா... உனக்குக் குளிருதா?"

"ம்."

அதே "ம்". கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சேற்று வாடை மூக்கில் ஏறியது. படகின் மூக்கு மேலே தூக்கியிருந்தது. பின்னால் கனம் ஏறிக்கொண்டே போனது.

நான் துடுப்பை நிறுத்தினேன்.

படகு நிற்கவில்லை.

சளக்... சளக்...

திரும்ப வேண்டும் என்று நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை. படகு கவிழும் என்பதற்காக இல்லை. பயம்.

வெளிச்சம் தெரிந்தது. கால்வாய் முடிந்து திறந்த நீர். குண்டும் டிரைவரும் படகைத் திருப்பி எங்களுக்காகக் காத்திருந்தார்கள். குண்டு சிரித்தபடி கையசைத்தான்.

அசைத்த கை அப்படியே நின்றது.

"சித்தப்பா எங்கடா?"

"பின்னாடி..."

"பின்னாடி யாருமே இல்லடா!"

திரும்பினேன்.

காலி சீட். அதில் சேறு.

துடுப்பு குறுக்கே கிடந்தது.

சொட்டிக்கொண்டிருந்தது...

முதல் வளைவுக்கும் இரண்டாவது வளைவுக்கும் நடுவே சித்தப்பாவைக் கண்டெடுத்தார்கள். குப்புறக் கிடந்தான். லைஃப் ஜாக்கெட் உடம்பிலேயே இருந்தது. இடுப்பளவுத் தண்ணீர்.

"முன்சீட்டுல ஒருத்தர் மட்டும் இருந்தா அந்த வளைவுல எல்லாம் படகு திரும்பவே திரும்பாது தம்பி" என்றார் படகுக்காரர். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் குண்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "செத்தும் உன்னக் கரை சேத்துட்டுப் போயிருக்கான்டா." அந்தப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேறு பிடிக்க எனக்கு எதுவும் இல்லை. சித்தப்பாவின் மனைவியிடமும் அதையே சொன்னேன். அவள் கும்பிட்டாள்.

மறுவாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பின்னால் வந்த அந்தப் புதுமணத் தம்பதியும் வந்திருந்தார்கள். அந்தப் பெண்தான் பேசினாள்.

"நாங்க முதல் வளைவுல திரும்பினப்போ அவரு உயிரோடதான் இருந்தாரு. தண்ணியில நடந்துட்டிருந்தாரு. முன்னாடி போன படகுல ரெண்டு பேரு இருந்தாங்க. அதனால இவரு வேற படகு ஆளுன்னு நெனச்சோம். அடுத்த வளைவுக்கு நாங்க வர்றதுக்குள்ள..."

அதிகாரி தண்ணீர் கொடுத்தார்.

"அவர் ஏதாவது சொன்னாரா?"

"கத்திட்டே போனாரு சார். அந்தப் படகைப் பாத்து."

"என்னன்னு?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"'திரும்பிப் பாருடா... ஏறினது நான் இல்லடா'ன்னு."