கெசியாவின் பங்குக்கு வந்த வாசல்

எங்கள் யார்க்ஷயர் மலைப் பள்ளத்தாக்கில் வீட்டையும் தொழுவத்தையும் ஒட்டி ஒரே கூரைக்குக் கீழே கல்லால் கட்டுவோம். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு வாசல். பனி கொட்டினாலும் வெளியே கால் வைக்காமல் பால் கறக்கலாம்.

பக்கத்துப் பண்ணைக் கிழவன் தைட் சாகும்போது தொழுவத்தை மூத்த மகன் ஆம்ப்ரோஸுக்கும் வீட்டை இளையவன் சைலஸுக்கும் கொடுத்தான். இருவருக்கும் மூத்தவளான கெசியாவுக்கு அந்த வாசலைக் கொடுத்தான். ஆயுள் முழுக்க அவள் அதன் வழியே போய்க் கறந்து, வீட்டுக்குள் வெண்ணெய் கடைந்து பிழைத்துக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள். வாசல் அடைபட்டால் அவள் பிச்சைதான் எடுக்க வேண்டும்.

கெசியாவைச் சாது என்று யாரும் சொன்னதில்லை. முட்ட வந்த கடாவைக் கொம்பைப் பிடித்து மண்ணில் சாய்த்தவள்.

தம்பிகள் எலியும் பூனையும். சைலஸின் முகத்தில் விழிக்கக்கூடாதென்று ஆம்ப்ரோஸ் வாசலை அடைக்கக் கிளம்பினான். அடைக்கக் கல் வேண்டும், ஆனால் கல் வெட்டி எடுக்கும் குழிவரை போகச் சோம்பல். சுவரின் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்க, குறுக்கே நீளக் கற்கள் போட்டிருப்போம். நுனி இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும்.

"என் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கறது என் கல்லு" என்று அவற்றைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து வாசலை அடைத்தான்.

"அப்ப மிச்சம் என்னுது" என்று சைலஸும் தன் பன்றிக் கொட்டிலுக்குப் பிடுங்கினான். அடிமடையர்கள்!

கெசியா சம்மட்டியோடு வந்து அடைப்பை உடைத்தாள். ஆம்ப்ரோஸ் கவைக்கோலின் காம்பால் அவள் வாயிலேயே அடித்தான். பல்லைத் துப்பிவிட்டு மறுபடி ஓங்கினாள்.

"அடிடா! இன்னும் அடி! அப்பன் குடுத்த வாசலுடா இது. உன் மூஞ்சியப் பாத்தா குடுத்தாரு?"

அவன் அடைப்பதும் இவள் உடைப்பதுமாகக் கோடை வந்தது. தொழுவத்தில் வைக்கோலைக் கூரைவரை திணித்தார்கள். பிடிப்பில்லாத சுவர் அந்தப் பாரத்தில் வயிறு தள்ளி, இடிந்து, ஆம்ப்ரோஸை இடுப்புவரை மூடியது.

சைலஸ் புகைக்குழாயோடு நின்று பார்த்தான். "விடுக்கா, கத்தட்டும். செத்தான்னா தொழுவமும் நம்மளுது."

கெசியா விட்ட அறையில் அவன் குழாய் பறந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வழிய அவளே தோண்டி ஆம்ப்ரோஸை இழுத்துப்போட்டாள். உயிர் மிஞ்சியது, கால்கள் நொறுங்கிவிட்டன.

எழுந்து உட்கார முடிந்ததும் அவன் அவளிடம் முதலில் சொன்னது இதுதான்:

"சுவரே இல்ல. அப்பறம் ஏது வாசலு? உன் பங்கு தீந்துபோச்சுக்கா."

ஜென்மத்தில் அண்ணனோடு ஒத்துப்போகாத சைலஸ் தலையாட்டினான். "அண்ணன் சொல்றது நியாயந்தானே?"

இன்று நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

சுவர்தான் விழுந்திருந்தது. வாசலின் இரண்டு நிலைக்கற்களும் மேலே கிடத்திய கல்லும் அசையாமல் தனியாக நின்றன. அவற்றைச் சாய்க்க சைலஸ் கடப்பாரையை எடுத்தான். கெசியா இரண்டு கையாலும் சம்மட்டியைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். அவன் அலறல் என் வயல்வரை கேட்டது. ஓடிப் போனேன், தடுக்க அல்ல, பார்க்க.

அதன்பிறகு தம்பிகள் இருவருக்கும் நடக்க அவள் தோள் வேண்டியிருந்தது. கறந்தது அவள், கடைந்தது அவள், சந்தைக்குப் போனது அவள். ஒருநாள் சைலஸ் அவளைப் பிடித்தபடியே, சுவரில்லாத இடத்தில் குறுக்கே கால் வைத்தான்.

"வாசல் வழியா வாடா" என்றாள்.

நொண்டிக்கொண்டே சுற்றி வந்தான்.